முகமூடிக்கு நான் எழுதிய குறிப்பு

எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்று நானாக யாரிடமும் சொன்னதில்லை. அடுத்தவர்கள் சொன்னபோது மறுத்ததுமில்லை. (எம்.ஏ. ஆங்கில இலக்கியம், மூன்றாம் வகுப்பு. கடைசி இரண்டு வார்த்தைகளை மட்டும் மெதுவாகச் சொல்வேன்.)

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெளிநாட்டு அரசாங்கம் நம் போலீசுக்குக் கண்ணீர்ப்புகைச் சாமான்களை இனாமாகக் கொடுத்தது. குண்டு, துப்பாக்கி, முகமூடி என்று பெட்டி பெட்டியாக எங்கள் பக்கமும் வந்து இறங்கின. கூட வந்த குறிப்பெல்லாம் ஆங்கிலம். என் தாய்மாமா அப்போது ஏட்டு. அதிகாரியிடம் போய், "எம் மருமவனுக்கு இங்கிலீஷு தண்ணி பட்ட பாடு சார்" என்று சொல்லிவிட்டார். இரண்டே நாளில் செந்தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

பேட்டை தாண்டி ஒரு பொட்டலில் செய்து காட்டினார்கள். நாற்காலிகளில் அதிகாரிகள், நடுவில் சாமான்களைக் கொடுத்த நாட்டின் வெள்ளைக்காரர் ஒருவர். விளக்கிச் சொல்ல மைக் என் கையில். குண்டு வெடித்ததும் மாமா முகமூடியை மாட்டிக்கொண்டு புகைக்குள் போனார்.

"பாருங்கள், அசையாமல் நிற்கிறார்!" என்றேன் மைக்கில். மாமா இரண்டு கைகளையும் ஆட்டினார். "மகிழ்ச்சியோடு கையசைக்கிறார்!" கூட்டம் கைதட்டியது. (மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் தட்டினேன்.) மாமா முழங்காலில் விழுந்தார். அதற்கும் ஒரு நல்ல வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் வெள்ளைக்காரர் கத்திக்கொண்டே ஓடிப்போய் முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். மூச்சுக்குத் தவித்திருந்த மாமா, நெஞ்சு நிறைய இழுத்தது அந்தப் புகையைத்தான்.

என் தாளைப் பிரித்துப் பார்த்தேன். காற்றுத் துளையில் இருக்கும் மூடியை 'அகற்றாமல் அணியக் கூடாது' என்று வரவேண்டிய இடத்தில், 'அகற்றாமல் அணியவும்' என்று என் கையெழுத்து அழகாகச் சொன்னது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் மாமாவுக்குப் பேச்சு வந்தது.

"மாமா, தப்பு என் மேல..."

"தெரியும்லே. நீ எழுதினத வாசிச்சுட்டுத்தான மாட்டினேன். மொதல்ல அந்தத் தாள மாத்திக் குடு, அடுத்தவன் மாட்டிரப் போறான். சர்க்கார் வேலைக்கு எழுதிப் போட்டிருக்க, கேஸு கீஸுன்னு ஆனா உனக்கு எவன் வேல தருவான்?"

விசாரணைக்கு வந்தவர்களிடம், அவசரத்தில் மூடியை எடுக்கத் தாமே மறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார். கைக்கு வந்திருந்த எஸ்.ஐ. பதவி உயர்வு அதோடு போனது. எனக்கு வேலை கிடைத்தது. ஆங்கில ஆசிரியர் வேலை!

குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் சொன்ன கதைதான் தெரியும். இன்றும் எந்தக் கல்யாணப் பந்தியிலும், அத்தையின் தம்பி கலர் பாட்டிலை நீட்டி, "அத்தான், மூடியத் தொறந்துட்டுக் குடிங்க!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார், சிரித்தால் இருமல் வந்துவிடும், எழுந்து வெளியே போவார். டம்ளரில் தண்ணீரோடு நான் பின்னாலேயே போவேன்.

"இன்னைக்காவது எல்லார்கிட்டயும் சொல்லிருதேன் மாமா."

அவர் இருமி முடித்து, தண்ணீரை வாங்கிக் குடிப்பார்.

"சவத்த விடுலே. எலையில சோறு ஆறுது, போய்ச் சாப்பிடு."