இளவரசி வாய் திறந்த சனிக்கிழமை

வாழ்க இளங்கீரன்! செவன் ஹில்ஸ் பண்டகசாலையில் வாரமெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் என்னும் இரும்பு யானையைச் செலுத்திப் புகழ்கொண்டவனும், பென்டில் ஹில்லில் மூவறை மாளிகையின் தலைவனும், யோகராணியின் மணாளனும், பதினான்கு வயது லக்சிகாவைப் பெற்ற தந்தையும், பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே ஒரு பகைவனை வெல்ல முடியாமல் மனம் புழுங்கியவனுமாகிய அப்பெருவீரன் வாழ்க! அவன் ஏந்திய படைக்கலம் யாதென்று கேட்பீராயின், அழுத்தினால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும் பொத்தானொன்றைக் கொண்ட பழைய கண்ட்ரோலர்தான்.

அவன் பொருத களம் வெர்டானியா. சிட்னிக்கு வந்த முதலாண்டில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், யாரோ போட்டுக் கழித்த சப்பாத்துகளுக்கு நடுவே அவன் கண்டெடுத்த வீடியோ கேம் அது. அந்நாட்டின் பெருமையை என்னென்பேன்! மலைகளோ சின்னஞ்சிறு நிறக்கட்டங்களால் ஆனவை. ஆயினும் அவற்றின்மேல் பனி பொழிகையில் எழும் இன்னிசையைப் பண்டகசாலையிலும் அவன் வாய் தானாக முணுமுணுக்கும். ஊமைக் கொல்லனொருவன் தோழரைக் காக்கப் பாலத்தோடு விழுந்து மடியும் காட்சியில், முப்பதாம் முறையும் அவன் கண் கலங்கும். அழுததை யாரேனும் பார்த்துவிட்டால் தூசு என்பான்.

குறையோ அதனினும் பெரிது. மூன்றடி வைத்தால் ஒரு போர். அதுவும் அதே நான்கு தவளைகள். தாடி முனிவர் பேசத் தொடங்கினால் நிறுத்த வழியில்லை, "விளங்கியதா?" என்பதற்குத் தவறி "இல்லை" என்று அமுக்கிவிட்டாலோ முதலிலிருந்து தொடங்குவார். யாவற்றினும் கொடிது இருள்வேந்தன் மோர்காஸின் கோட்டை. ஏழு தளம், ஆறு மணித்தியாலப் போர். உள்ளே புகுந்தபின் ஆட்டத்தைச் சேமிக்க ஓரிடமும் இல்லை. மோர்காஸை வீழ்த்தி, அவன் கல்லாக்கிய இளவரசி உயிர்த்தெழுந்து பேசி முடித்த பிறகே சேமிக்கலாம். இடையில் எது நடந்தாலும், மின்சாரமே போனாலும், மறுபடி கோட்டை வாசல்தான்.

அவ்விளவரசி என்ன சொல்வாள்? பத்தொன்பது ஆண்டுகளாக அவன் நெஞ்சைக் குடைந்த வினா அது. "அப்பா, யூடியூபில பார்க்கலாமே" என்ற மகளிடம், "வெண்டுதான் கேப்பன்!" என்று சூளுரைத்தவன் அவன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வந்தது ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு, பால்தேநீர் ஒரு குவளையும் மிக்சர் ஒரு கிண்ணமும் துணையாக, கோட்டை வாசலில் கால் வைத்தான் நம் கோமான். அன்று மாலை பரமட்டாவில் சிவனேஸ்வரி அன்ரியின் மகள் மிருணாளினிக்கு அரங்கேற்றம். அழைப்பிதழ் தங்க எழுத்தில் "சரியாக ஐந்து மணி" என்றது. சிட்னித் தமிழரின் ஐந்து மணி எத்தனை மணிக்கு வருமென்று அறியாதவனா இளங்கீரன்? ஆறரைக்குப் போனால் போதுமென்று கணக்கிட்டிருந்தான். அப்போதுதான் குசினியிலிருந்து எழுந்தது யோகராணியின் அரசகட்டளை:

"இந்த முறை நானெல்லோ அறிவிப்பாளர்! நாலேகாலுக்குக் கார் வெளிக்கிடும். சொல்லிப் போட்டன்!"

தவளைகள் அஞ்சினவோ இல்லையோ, இளங்கீரன் அஞ்சினான்.

அதன்பின் அவன் பொருத போரை எப்படி உரைப்பேன்! இரண்டாம் தளத்தில் எலும்புப் படையைப் பொடியாக்கி, நான்காம் தளத்தில் நெருப்பு நாகத்தின் பல்லைப் பிடுங்கி, ஆறாம் தளத்தில் தாடி முனிவரின் உரையைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, மூன்றரை மணிக்கு உச்சியை அடைந்தபோது ஓர் அதிசயம் நிகழ்ந்தது. அறைக் கதவு திறந்தது. அரங்கேற்றத்துக்கு உடுத்த பாவாடை தாவணியோடு லக்சிகா வந்து தந்தையின் பக்கத்தில் அமர்ந்து மிக்சர் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியாக அவள் இப்படி வந்து இருந்தது எப்போதென்று அவனுக்கே நினைவில்லை. மோர்காஸை மறந்து அவன் ஒரு கணம் மகிழ்ந்தான்.

மறந்தது பிழை. மோர்காஸ் சிறகு விரித்துப் பேருருக் கொண்டான். ஒரே அடியில் இளங்கீரன் படையின் வைத்தியப் பெண் சாய்ந்தாள், வில்லாளன் வீழ்ந்தான், எஞ்சிய ஒற்றை வீரனுக்கு உயிர் நூலிழையில் நின்றது. பையில் அமுதக்குப்பி ஒன்று இருந்தது. இறந்தோர் யாவரையும் எழுப்ப வல்லது, நாடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று. விருந்தாளிக்கென்று கண்ணாடி அலுமாரியில் பூட்டிய கோப்பைகளைப் போல, பின்னுக்குத் தேவைப்படும் என்று பத்தொன்பது ஆண்டுகளாக எந்தப் போரிலும் தொடாமல் வைத்திருந்தான் அந்தச் சிக்கனச் செம்மல்.

"அப்பா, யூஸ் பண்ணுங்கோ! இதுக்குப் பிறகு ஒண்டுமில்லை, இதுதான் லாஸ்ட்!"

ஆகா, ஆறு தளத்திலும் கேளாத ஞானமொழி! திறந்தான் குப்பியை. எழுந்தனர் தோழர், பாய்ந்தன அம்புகள், நான்கு மணி ஒன்பது நிமிடத்துக்கு, பொத்தான் சிக்கியும் சிக்காமலும், இடிந்து விழுந்தான் இருள்வேந்தன். தந்தையும் மகளும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பனிமலை இசை எழுந்தது. கல் உடைந்தது. இளவரசி கண் விழித்தாள், வாய் திறந்தாள், திரையில் மூன்று புள்ளிகள் தோன்றி நின்றன. பொத்தானை அமுக்கினால்தான் அடுத்த சொல் வரும். அந்நேரம் பார்த்து வாசலில் யோகராணியின் கையில் கார்த் திறப்புக் கொத்து கிலுங்கியது.

"அவ நிப்பா. வந்து ரெண்டு பேருமாக் கேப்பம்," என்றான் இளங்கீரன்.

"ப்ராமிஸ்?"

"ஓம், ப்ராமிஸ்."

இனிக் கேளுங்கள் அவ்வீட்டின் சட்டத்தை. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது சுவரில் ஒரு சுவிச்சும் போட்டபடி கிடக்கலாகாது என்பது, இளங்கீரனே இயற்றி இளங்கீரனே காத்துவரும் நெறி. பத்தொன்பது ஆண்டில் ஒரு நாளும் வழுவியதில்லை. வெற்றிக் களிப்பில் பனிமலை இசையை முணுமுணுத்தபடி மாளிகையை வலம் வந்தான். கெட்டில் அணைந்தது, ரைஸ் குக்கர் அணைந்தது, அயன் பொக்ஸ் அணைந்தது, டிவி மூலை அணைந்தது, குளியலறை விளக்கும் அணைந்தது. பின்கதவையும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து காரில் ஏறினான்.

பெருவீதிச் சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"அயன் பொக்ஸை நிப்பாட்டினீங்களோ?" என்றாள் யோகராணி.

நெஞ்சு நிமிர்த்தி, குரல் உயர்த்தி, வென்ற வீரனின் தோரணையில் முழங்கினான்: "அயன் பொக்ஸ் மட்டுமோ? வீட்டில இருக்கிற எல்லாச் சுவிச்சையும் நிப்பாட்டிப் போட்டன்!"

பின் இருக்கையிலிருந்து மெல்ல வந்தது ஒரு குரல்.

"அப்பா... எல்லாமா?"

விளக்கு பச்சையாகியும் வண்டி நகரவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். கண்ணில் தூசு விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு இளங்கீரன் காரை எடுத்தான்.

அரங்கேற்றம் ஆறே முக்காலுக்குத்தான் தொடங்கியது.