அவன் சூடான கதை

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் மனைவியிடம் "முடியாது" என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை வரை அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன். ஊரில் பாதிப் பேருக்கு எவ்வளவு பவர் என்று நான்தான் எழுதித் தருகிறேன். வீட்டில் எனக்குப் பவர் கிடையாது. அந்தத் துறையை என் மனைவி பார்த்துக்கொள்கிறாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது அவள் ஆரம்பித்தாள்.

"அம்மாவோட அடுப்பைக் கீழ்வீட்டம்மாவுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். அவங்க கேக் செஞ்சு விக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்குவாங்க."

"ஓ."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன. விட்டது சனி."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அது ரொட்டி சுடுகிற மின்சார அடுப்பு. மேடையில் வைக்கிற பெட்டி மாதிரி இருக்கும். என் மாமியார் கொண்டு வந்தது. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு துணிப்பெட்டியும் அந்த அடுப்புமாக வந்து இறங்கினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பத்து நாளுக்கு யாராவது அடுப்போடு வருவார்களா? பதினோரு வருஷம் இருந்தார்.

கடைக்காரர் அதை ஓவன் என்று சொல்லி விற்றிருக்கிறார். மாமியார் வாயில் அது 'அவன்' ஆகிவிட்டது. அதில் அவருக்கு ஒரு வசதி. "அவனுக்குச் சட்டுனு சூடேறுது." "அவனைத் தட்டினாத்தான் வேலை செய்வான்." "அவன் பார்க்கத்தான் பெருசு, உள்ள ஒண்ணும் கொள்ளாது." சமையலறையிலிருந்து இப்படிக் குரல் வந்துகொண்டே இருக்கும். அடுப்பையா என்னையா என்று கேட்டால், "மாப்பிள்ளையை நான் அப்படிச் சொல்லுவேனா" என்பார்.

நானும் சும்மா இருக்கவில்லை. கடையில், தெருமுனையில், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் மாமியார் ஜோக் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என்னிடம் பதினோரு வருஷச் சரக்கு இருந்தது.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. ரொட்டியில் எனக்குக் கருகின ஓரம்தான் பிடிக்கும். அவர் அந்த ஓரத்தைத் தனியாக அறுத்து, ஒரு சின்னத் தட்டில் போட்டு, அடுப்புக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். நான் கடையிலிருந்து வந்து, யாரும் இல்லாதபோது எடுத்துத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பேன். வைத்ததாக அவர் சொன்னதில்லை. தின்றதாக நானும் சொன்னதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆறாவது நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மனைவி சுவரில் சாய்ந்து அழுதாள். நான் காகிதங்களில் கையெழுத்துப் போட்டேன், வண்டிக்குச் சொன்னேன், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். அவர்களில் ஒருவர் என் தோளைத் தட்டி, "இனிமே உங்களுக்கு நிம்மதிதான்" என்றார். பழக்க தோஷம், சிரித்துவிட்டேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

அப்படிச் சிரித்தவன் எந்த முகத்தோடு "அடுப்பைக் கொடுக்காதே" என்று போய் நிற்பது?

ஆகவே வேறு வழி யோசித்தேன். கெட்டுப்போன அடுப்பை யாரும் யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். அதைக் கெடுத்துவிட்டால் போதும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். என் மனைவிக்கு வேலையே அதுதான். வீட்டுச் சாதனங்கள் விற்கிற ஒரு கம்பெனியில் போனில் புகார் கேட்கிறாள். ஒரு நாளைக்கு நாற்பது பேருடைய அடுப்பும் ஃபிரிட்ஜும் அவள் காதில் வந்துதான் அழும். நான் செய்யப் போனது போலீஸ்காரர் வீட்டில் கன்னம் வைக்கிற வேலை.

சனிக்கிழமை மத்தியானம் எனக்குக் கடை லீவு. அவள் வேலைக்குப் போயிருந்தாள். அடுப்போடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். 'பின்புறமுள்ள காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள். அடைத்தால் அடுப்பு அளவுக்கு மீறிச் சூடாகும்' என்று போட்டிருந்தது. இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் யோசனை சொன்னதில்லை. பழைய பனியன் ஒன்றை மடித்துப் பின்பக்கம் திணித்தேன். சூட்டுக் குமிழைக் கடைசி வரை திருப்பினேன். முன்ஜாக்கிரதையாக ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வந்து வைத்தேன். மின்சாரத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று ஞாபகம் வந்ததும் வாளியைத் திரும்பக் குளியலறையில் வைத்தேன்.

இருபது நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாசனை வந்தது. அடுப்பின் அடியில் எந்தக் காலத்திலோ விழுந்த ரொட்டித் தூள்கள் கருக ஆரம்பித்திருந்தன. ஐந்து மாதமாக அந்தச் சமையலறையில் இல்லாத வாசனை. பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ்தான் இருந்தது.

நாற்பதாவது நிமிஷம் அடுப்பு கீக்கீ என்று கத்தியது. அதன் சின்னத் திரையில் 'ஈ-5' என்று வந்தது. சாயங்காலம் அவள் வந்தாள்.

"என்ன வாசனை?"

"குடுக்கறதுக்கு முன்னாடி சரியா இருக்கான்னு உங்கம்மா அடுப்பைப் போட்டுப் பார்த்தேன். பாவம், போயிடுச்சு."

அவள் பையைக் கீழே வைத்தாள். திரையைப் பார்த்தாள். குரல் ஆபீஸ் குரலாகிவிட்டது.

"எத்தனை நிமிஷத்துல வந்துது?"

"நாப்பது."

"எவ்வளவு சூட்டுல வச்சீங்க?"

"கொஞ்சமாத்தான்."

"கொஞ்சம்னா?"

"முழுசா."

"உள்ள என்ன வச்சீங்க?"

"ஒண்ணும் வைக்கலை."

"காலி அடுப்பை, முழுச் சூட்டுல, நாப்பது நிமிஷம்."

"சோதனைன்னா அப்படித்தான்."

"கடையில வர்றவங்க கண்ணையும் இப்படித்தான் சோதிக்கறீங்களா?" என்றாள். பிறகு, "இது அளவுக்கு மேல சூடுன்னு அர்த்தம். மூணே காரணம். ஒண்ணு, உள்ள இருக்கிற ஃபேன் சுத்தலை. இல்லைன்னா, சூட்டை அளக்கிற சென்சார் போயிடுச்சு. இல்லைன்னா, பின்னாடி காத்துப் போற வழியை ஏதோ அடைச்சிட்டிருக்கு."

"ஃபேன்தான்" என்றேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

"ஃபேன் சத்தம் கேட்டுதா?"

"கேட்டுது."

"அப்போ ஃபேன் இல்லை."

"சென்சார்."

"அரை மணி நேரம் மெயின் சுவிட்சை அணைச்சு ஆற விடுவோம். திருப்பிப் போடும்போது வரலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்."

அரை மணி நேரம் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த மாதிரியே. திரும்பப் போட்டாள். பனியன் தன் கடமையைச் செய்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஈ-5.

"ஈன்னா என்ன அர்த்தம் தெரியுமா?" என்றாள்.

"தெரியுமே. கொசு, ஈ."

"கொடுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருப்பாங்க. அதுவே கொடு கொடுங்குது பாருங்க."

"கெட்டுப்போனதை எப்படிக் கொடுக்கறது? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அதுவும் சரிதான். பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிடறேன்."

"இரும்புக்கா?"

"வேற என்ன பண்றது?"

"ரிப்பேர் பண்ணலாமே."

"நாளைக்குப் பத்து மணிக்கு மெக்கானிக்கை வரச் சொல்றேன். சரியாச்சுன்னா கீழ்வீட்டுக்கு. ஆகலைன்னா இரும்புக்கு."

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அந்த நிலைமை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அடுப்பை முன்னால் இழுத்தேன். மெக்கானிக் கண்ணில் பட்டால் மானம் போகும்; முதலில் பனியனை எடுத்துவிட வேண்டும், மிச்சத்தை அப்புறம் யோசிக்கலாம். கையை விட்டுத் துழாவினேன். பனியன் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துவைத்துப் பிழிந்து கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் இஸ்திரிப்பெட்டி வைத்த மாதிரி ஒரு பழுப்புத் தழும்பு.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடைப்பும் போய்விட்டது. இனி அடுப்பு ஒழுங்காக வேலை செய்யும். கீழ்வீட்டுக்குப் போகும். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன்.

கீழ்வீட்டம்மா மாவுக் கையோடு கதவைத் திறந்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்த அடுப்பு உங்களுக்கு வேண்டாம். ரொம்பச் சூடாகுது. ஆபத்து."

"எந்த அடுப்பு சார்?"

"எங்க மாமியாரோடது. இன்னிக்கு நீங்க எடுத்துக்கப் போறீங்களே."

"நானா? எனக்கு ரெண்டு அடுப்பு இருக்கே சார். வைக்கவே இடமில்லை. உங்க வீட்டம்மா அப்படி ஒண்ணும் சொல்லலையே." அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். "தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் இங்கதான் வந்து உக்காருவாங்க. அவங்க அம்மாவைப் பத்திப் பேசுவாங்க. அழுவாங்க. முகத்தைக் கழுவிட்டு மேல வருவாங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

பஸ் தாமதம் என்று ஐந்து மாதமாக நான் நம்பிக்கொண்டிருந்த அரை மணி நேரம் அது.

மேலே வந்தேன். அவள் ஈரத்தலையோடு சமையலறையில் நின்றிருந்தாள்.

"மெக்கானிக் எப்போ வருவார்?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"வரமாட்டார். நான் கூப்பிடவே இல்லை."

"எதுக்கு இப்படி?"

"அம்மா பேரை எடுத்தா நீங்க ஒரு ஜோக் சொல்றீங்க. நானும் சிரிச்சு வைக்கறேன். இந்த வீட்டுல அவங்களை நினைக்கிற ஆள் நான் ஒருத்திதானான்னு தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு. கேட்டா அதுக்கும் ஒரு ஜோக் சொல்லுவீங்க. அதான், குடுக்கப் போறேன்னு சொன்னேன். நேத்து ராத்திரி பின்னாடி கையை விட்டேன், பனியன் வந்துது." அவள் ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தாள். "அதைத் துவைக்கும்போது எவ்வளவு நிம்மதியா இருந்துது தெரியுமா?"

நான் அழுதேன். பழக்கமில்லாததால் அது இருமல் மாதிரி வந்தது. அவள் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். பிறகு அது இருமல் இல்லை என்று தெரிந்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கருகின ஓரத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. தினமும் அடுப்புக்குள் எதற்கு ஒரு தட்டு வைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எலிக்கு என்று அம்மா சொன்னாராம். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். சேர்ந்து அழுதோம். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க நாங்களே வந்த மாதிரி இருந்தது.

ரொம்ப நேரம் கழித்துக் கேட்டேன்.

"நான் ஒண்ணுமே செய்யாம, போகட்டும்னு சும்மா இருந்திருந்தா?"

"அடுப்பு இங்கதான் இருந்திருக்கும்."

"அப்புறம்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டிலுக்கடியில ஒரு பெட்டி இருக்கு. தங்கச்சி வீட்டுக்குப் போறதுக்குச் செவ்வாய்க்கிழமையே எடுத்து வச்சது. அடுக்கினது நான். பிரிச்சு வைக்கிறது நீங்க."

போய்க் குனிந்து இழுத்தேன். ஒரு கையால் அசைக்க முடியவில்லை. அவளுடைய துணி பூராவும் அதில் இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அதற்கு மேலேதான் நான் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன்.