கொய்ங் அண்ணாத்தேயும் குப்பைக்குக் கத்தாத மெஷினும்

சேக்காட்டில், எங்கள் தெருவில், மண்ணுக்கு மேலே என்ன நடந்தாலும் கவலைப்படாத ஒரே மனிதர் கொய்ங் அண்ணாத்தேதான். அவருடைய அக்கறையெல்லாம் மண்ணுக்குக் கீழே.

பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். லீவு நாளில் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு காலி மனைகளில் பழைய காசு தேடக் கிளம்பிவிடுவார். உலோகம் தட்டுப்பட்டால் மெஷின் 'கொய்ங்' என்று அலறும். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பக்கத்து ஊரான கோவில்பதாகையில் ஒருவர் பூமி பூஜை போட்டு, மனையின் மூலையில் பஞ்சலோகத்தைப் புதைத்திருந்தார். நம்மவர் மறுநாளே அதைத் தோண்டி எடுத்து, மனைக்காரரிடமே கொண்டுபோய் நீட்டினார்.

"சார், உங்க மனையில புதையல் கீது சார்!"

அவர் துரத்திய துரத்தலில் அண்ணாத்தே செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். "அடிச்சா அடிக்கட்டும்மா. ஒரு சாண் ஆழத்துல கீறத புட்ச்சிது பாரு மெஷினு!" என்று என்னிடம் பெருமை வேறு.

பிறகு புது மெஷின் வாங்கினார். வாசலில் காசையும் சோடா மூடியையும் புதைத்து, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிக் காட்டினார்.

"இது பழசவிட ஆழமா போவும். மெயினா குப்பைக்குக் கத்தாது. ஆணி, மூடி, ஜிகினாத் தாளு எதையும் கண்டுக்காது. காசுக்கு மட்டும்தான் வாயத் தொறக்கும்."

"எங்க வீட்டுக்காரர் சொந்தக்காரங்க மாதிரியே இருக்குதே அண்ணே!" என்றேன்.

அந்த ஆடியில்தான் எனக்கு வந்தது சோதனை. அம்மனுக்குக் கூழ் ஊற்றிய மைதானத்தில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்ததில், புதிதாக மாற்றிய மஞ்சள் சரட்டில் பொட்டைக் கட்டிய முடிச்சு தளர்ந்திருக்கிறது. சரடு கழுத்தில் இருந்தது, தாலிப்பொட்டைக் காணோம். மறுநாள் காலை ஊரிலிருந்து மாமியார் வருகிறார். சகுனம், சாத்திரம் எதையும் நம்பாதவள் என்று அலுவலகத்தில் பீற்றிக்கொள்ளும் நான், அண்ணாத்தே வீட்டுக் கதவைப் போய்த் தட்டினேன்.

அண்ணாத்தே புது மெஷினோடு ஓடி வந்தார். மைதானம் முழுக்கத் துழாவினார். மெஷின் மூச்சுவிடவில்லை.

"இங்க இல்லம்மா. மெஷினு பொய் சொல்லாது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்தவர் என்ன நினைத்தாரோ, திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ! ஜிகினாவுக்குக் கத்தாதன்னு நான்தானே செட் பண்ணி வெச்சேன்! சன்னமான தங்கமும் அதுக்கு ஜிகினா மாதிரிதாம்மா! பழசு எட்தாரேன், இரு!"

பழைய மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. எல்லாவற்றுக்கும் அலறியது. அண்ணாத்தே ஒவ்வோர் அலறலுக்கும் மண்டியிட்டுக் கிளறினார். சோடா மூடி, ஆணி, குட்கா உறை, யார் வீட்டுச் சாவியோ ஒன்று. பொழுது சாயும் நேரத்தில் இன்னொரு கொய்ங். புல்லுக்கு அடியில், மேல் மண்ணிலேயே, மஞ்சள் அப்பிய என் பொட்டு!

அவர் அதைத் தொடவில்லை. ஒதுங்கி நின்று, "நீயே எட்த்துக்கோ" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் அழுகை பொங்கிவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற தங்கச்சி? அதான் கெட்ச்சிச்சே!"

அன்றிலிருந்து தெருவில் அவரை யார் கேலி செய்தாலும் சண்டைக்குப் போகிற முதல் ஆள் நான்தான். நான் மட்டும் கேலி செய்வேன். அண்ணனைக் கேலி செய்யத் தங்கைக்கு உரிமை இல்லையா என்ன?