எல்லாம் பவராகவே கொடம்மா

அன்புத் தங்கை டாக்னிக்கு, தீவிலிருந்து உன் அண்ணன் எய்லர்ட் எழுதுவது. நானும் பூனையும் படகும் சுகம். உன் முழங்காலும் அதே மாதிரி இருக்க வேண்டும். எழுதுவது என்று சொன்னேனே தவிர, நான் வாயால் சொல்லச் சொல்லப் போன்தான் எழுதிக்கொள்கிறது. பள்ளிக்கூடத்திலேயே எழுத்தெல்லாம் என் கண்ணுக்கு மீன்குஞ்சு மாதிரி சிதறி ஓடும், உனக்குத் தெரியாததா. உன்னை முன்பெஞ்சிலும் என்னைப் படகிலும் உட்காரவைத்தார் அப்பா.

போன வாரம் நீ பேசும்போது, "இந்தக் குளிர்காலத்துக்கு ட்ரொண்ட்ஹெய்ம் வந்துடுண்ணா, என் வீட்டுல தரையே சூடா இருக்கும், அங்க கரண்டு பில்லுக்குப் பயந்து ஒரே ரூம்ல கம்பளிக்குள்ள கெடக்கறே" என்றாய். வரமாட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். குளிர் விரட்டி எய்லர்ட் வீட்டைக் காலிபண்ணினான் என்று கடையில் நாலு பேர் காப்பி குடித்துக்கொண்டு பேச நான் இடம் கொடுக்க மாட்டேன். கரண்டுக்கு வழியும் பண்ணிவிட்டேன், பண்ணிவிட்டதாக நினைத்தேன், அந்தக் கூத்தைக் கேள்.

பக்கத்து வீட்டு ஹால்டிஸை நீ மறந்திருக்க மாட்டாய். கப்பலில் வானொலி வேலை பார்த்தவள், உன் கல்யாணத்துக்குப் பச்சைத் தொப்பியோடு வந்து பாதாம் கேக்கின் மேல் மூன்று அடுக்கைத் தனியாகத் தின்றவள். நான் மத்தியானத் தூக்கத்தில் காணும் கனவுகளைக் கடையில் சொல்வேன், அதைக் கேட்டுக் கேட்டு அவள், "இதைக் காத்துல விடாதே எய்லர்ட்டு, எழுதிப் போட்டா கூலி குடுக்கற எடம் ஒண்ணு இருக்கு" என்று என் போனில் ஒரு வலைப்பூவை வைத்துக் கொடுத்தாள். அங்கே போடுவதையெல்லாம் நங்கூரச் சங்கிலி மாதிரி கண்ணியோடு கண்ணி கோத்துவிடுகிறார்கள், பிறகு யாராலும் அழிக்க முடியாது, படிக்கிறவர்களுக்குப் பிடித்தால் ஒரு தட்டு தட்டுகிறார்கள், ஒரு வாரம் போனால் அந்தத் தட்டெல்லாம் கூலியாகிறது. நான் முதல் கனவைச் சொன்னேன். கடல் மெதுவாக எழுந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நம் மாடிப்படி ஏறி வருகிறது. அம்மாவின் கட்டிலில் படுத்துக்கொள்கிறது. அது மூச்சு விட விட ஜன்னல் திரை உள்ளே வந்து வெளியே போகிறது, நான் அதை எழுப்பாமல் போர்வையை இழுத்துப் போர்த்துகிறேன். சொல்லி முடித்ததும் போனிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: கூலி எப்படி வேண்டும், பாதி காசு பாதி பவரா, முழுவதும் பவரா, ஒன்றுமே வேண்டாமா?

நீயே சொல். நவம்பர் மாதம், சூரியன் வந்தவழியே திரும்பிப் போகிறது, பவர் வேண்டுமா என்று ஒருத்தி வீடு தேடிக் கேட்கிறாள். எல்லாம் பவராகவே கொடம்மா என்றேன். எல்லா அறையிலும் ஹீட்டரைப் போட்டேன். கதகதப்பில் கனவுகள் கொழுத்தன. காட் மீன்கள் கூடையோடு கடை வாசலில் வரிசையில் நின்றன, நிலா நம் படகில் ஏறி முதியோர் சலுகையில் டிக்கெட் கேட்டது. ஜனங்கள் தட்டோ தட்டென்று தட்டினார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் பவர், பவர் என்றேன்.

பில் வந்தது. கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"ஐயா, உங்க பேர்ல பாக்கிதான் இருக்கு, வரவு ஒண்ணும் இல்லையே."

"கனவு சொல்லிச் சம்பாதிச்ச பவர் தம்பி, நல்லாப் பாரு."

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஐயா, வீட்டுல கூட யாராவது இருக்காங்களா?"

ஹால்டிஸிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் விறகுப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அட மனுசா, அந்தப் பவர் கரண்டு இல்ல, செல்வாக்கு. பவர் ஏற ஏற உன் தட்டுக்குக் கனம் கூடும். நீ யார் எழுத்தைத் தட்டுறியோ அவங்களுக்குக் கூலி கூடும்."

"எனக்கு?"

"உனக்கு மரியாதை."

"அதைக் காசா மாத்திக் குடு."

"வாரத்துக்குக் கொஞ்சமாத்தான் கசியும். முழுசா வர்றதுக்குள்ள பனி உருகிடும்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீ எப்பக் கேட்டே? நாப்பது வருசமா நீ பேசறே, நாங்க கேக்கறோம்."

ஆக இப்போது ஹீட்டரையெல்லாம் அணைத்துவிட்டு, பழையபடி ஒரே அறையில், தொப்பியோடு படுத்துக்கொண்டு தட்டுகிறேன். போர்ச்சுகலில் ஒருவன் தன் செவிட்டு ஆட்டைப் பற்றி எழுதுகிறான், போன் எனக்கு வாசித்துக் காட்டுகிறது. தட்டினேன். அந்தக் கூலியில் ஆட்டுக்கு மணி வாங்கினானாம், மணி ஆட்டுக்கில்லையாம், அவனுக்காம். கண்ணை மூடினால் அந்த மணிச்சத்தம் மலையெல்லாம் தாண்டி, பனிக்குள் நடந்து, என் கம்பளிக்குள் வந்து படுத்துக்கொள்கிறது. இத்தனை பெரிய மனுசனாக நான் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மூக்கு மட்டும்தான் குளிர்கிறது. ஆகையால், நான் வரவில்லை. மறுபடி கேட்காதே.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. கர்த்தர் உன் தரையை என்றும் சூடாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் எய்லர்ட்

பின்குறிப்பு: ஒரு வாரமாக நீ ஏன் பதில் சொல்லவில்லை என்று உன்மேல் கோபத்தில் இருந்தேன். இன்றைக்குத்தான் ஹால்டிஸ் பார்த்துச் சொன்னாள், மேலே சொன்னதெல்லாம் உனக்கு வராமல் வலைப்பூவுக்குப் போயிருக்கிறது. கடிதம் முடிந்ததும் போன் கூலி எப்படி வேண்டும் என்று கேட்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், தங்கைக்கு எழுதினால் யார் கூலி கொடுப்பார்கள். நான் புத்தியாக, பாதி காசு என்று சொல்லிவைத்தேன். சங்கிலியில் கோத்தாயிற்று, அழிக்க முடியாது, உன் முழங்கால் இப்போது உலகத்துக்கே தெரியும். கனவுக்குத் தட்டினதைப்போல ஐந்து மடங்கு தட்டியிருக்கிறார்கள். ஹால்டிஸ் காசாக மாற்றிக் கொடுத்தாள், பில் கட்டியாயிற்று, ஈஸ்டர் வரைக்கும் எல்லா அறையிலும் ஹீட்டர் எரியலாம். இனி இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் வியாழக்கிழமைப் படகைப் பிடித்து ரயிலில் வருகிறேன். கட்டாயத்தில் வரவில்லை, விருந்தாளியாக வருகிறேன் என்பதை மட்டும் உன் மாடிவீட்டுக்காரர்களிடம் இப்போதே சொல்லி வை.