அம்புரோஸ் நலமாக இருக்கிறார்

மூன்றாவது பிரிண்டரிலும் மாமா மஞ்சளாகத்தான் வந்தார்.

ஃபிராங்க்ளின் தாளை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, வெயிலில் பிடித்துப் பார்த்தான். பின்னால் இருந்த கடல் நன்றாக வந்திருந்தது. சட்டை பளிச்சென்று வெள்ளை. கழுத்துச் சங்கிலியைத் தாளிலிருந்து கழற்றி எடுத்துவிடலாம், அத்தனை தத்ரூபம். மாமனார் அம்புரோஸ் மட்டும் பழுக்கத் தொடங்கிய மாங்காயாக நின்று சிரித்தார்.

"அண்ணாச்சி, இதுவும் சரியில்ல."

கடைக்காரர் முத்துச்செல்வம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, மொத மிஷினு இங்க்ஜெட்டு. மஞ்சளா இருக்குன்னிய. ரெண்டாவது லேசரு. அதுவும் மஞ்சள்னிய. இது ஆறு கலர் மை போடுத மிஷினு. இதுக்கு மேலன்னா நான் ஜப்பானுக்குத்தான் போணும்."

"மொகம் மஞ்சளா இருக்கே!"

"மத்ததெல்லாம் சரியா இருக்குல்லா?"

"மத்தத எவன் பாக்கான்? மொகம் சரியா வந்தாத்தான் மிஷினு."

இத்தனைக்கும் ஃபிராங்க்ளின் அச்சடிக்க வேண்டியது மாமாவை அல்ல, இறாலை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்று பாக்கெட்டுக்குப் புது லேபிள் கேட்டிருந்தது. மேனேஜர் ஜீவமணி நாசரேத்துக்காரர், வாத்தியார் வீட்டுப் பிள்ளை. கேட்டதையும் பரீட்சை வைப்பதுபோலத்தான் கேட்டார். "பாருங்க தம்பி, நீங்க போன்ல அனுப்புன கலர் அப்படியே தாள்ல வரணும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள புரூஃப் அனுப்பிரணும். இல்லன்னா வேலை மதுரைக்குப் போயிரும்."

பத்து வருடமாக ஃபிராங்க்ளின் வடிவமைத்ததில் முக்கால்வாசி கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தூத்துக்குடியில் யார் கண்ணை மூடினாலும் அவன் கண்ணைத் திறந்து உட்கார வேண்டும். இந்த இறால் ஆர்டர் கிடைத்தால் செத்தவர்களிடமிருந்து விடுதலை. அதை நம்பித்தான் பெரிய ஒர்க்ஸ்டேஷன் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தான். இனி அதற்குத் தகுந்த கலர் பிரிண்டர் ஒன்று அமைய வேண்டும், அவ்வளவுதான்.

பிரிண்டரைச் சோதிக்க மாமாவின் படத்தை எடுத்ததற்கும் அவனிடம் காரணம் இருந்தது. வேகவைத்த இறாலின் நிறம் ஆளுக்கொரு விதமாகத் தெரியும். மாமாவின் முகம் அப்படியில்லை, தினமும் சாப்பாட்டு மேசையில் எதிரே இருக்கிற முகம். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடற்கரையில் நிற்கவைத்து அவனே எடுத்த படம் அது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதமாகக் கழற்றாத கறுப்புக் கண்ணாடியைப் படத்துக்காகக் கெஞ்சிக் கழற்ற வைத்திருந்தான்.

ஒர்க்ஸ்டேஷன் வந்த அன்று புதுத் திரையும் லேசாக மஞ்சளடிக்கத்தான் செய்தது. திரையின் நிறத்தை அளந்து சரிசெய்ய ஒரு கருவி இருப்பதாக முத்துச்செல்வம் சொன்னார்.

"எனக்குக் கருவி எதுக்கு அண்ணாச்சி? கண்ணு இருக்கு" என்று ஃபிராங்க்ளின் மறுத்துவிட்டான். அரைமணி நேரம் பொத்தான்களை அமுக்கி, மாமாவின் முகம் தான் அறிந்த முகமாக வரும்வரை திரையை மாற்றினான். அதன் பிறகு திரைமேல் அவனுக்கு வந்த நம்பிக்கை சாமிமேல்கூட வந்ததில்லை.

ஆகவே தப்பு பிரிண்டரில்தான். புதன்கிழமை சாயங்காலம் முத்துச்செல்வம் மூச்சு வாங்க நான்காவது மிஷினை இறக்கினார். மாமா மேலும் தெளிவான மஞ்சளில் வந்தார்.

"பேசாம படத்துலயே மஞ்சளக் கொறச்சிருங்களேன் தம்பி" என்றார் முத்துச்செல்வம், வீட்டுக்குப் போகும் ஆசையில்.

ஃபிராங்க்ளின் குறைத்தான். மாமா மாமாவாக வந்தார். ஆனால் கடல் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறி, வெள்ளைச் சட்டை நீலம் அதிகமாகப் போட்ட சட்டையானது. கேவலமாக இருந்ததால் அவன் அந்தத் தாளை மேசையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினான்.

முத்துச்செல்வத்துக்கு அந்தக் கடல் பிடித்திருந்தது. தாளைக் கறுப்பு அட்டையில் ஒட்டி, கடைக்கண்ணாடியில் ரோட்டைப் பார்க்க மாட்டிவிட்டார். எந்தத் தாள் எப்போது அடித்தது என்று குழம்பாமல் இருக்க, படத்தின் கீழே பெயரும் தேதியும் போடுவது ஃபிராங்க்ளினின் பழக்கம். பெரிய படம், கறுப்புச் சட்டம், 'அம்புரோஸ்' என்ற பெயர், நேற்றைய தேதி. வியாழக்கிழமை காலையில் அந்த வழியாகப் போனவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஒன்பது மணிக்கு அவன் மனைவி விஜிலா போன் செய்தாள்.

"ஏங்க, அப்பாவோட சேந்து கப்பல்ல இருந்த ஆளுக எட்டுப் பேரு மலர் வளையத்தோட வாசல்ல நிக்காக!"

"மாமா எங்க?"

"குளிக்காக. வந்தவுக 'எப்ப எடுக்கிய?'ன்னு கேக்காக. நான் என்ன சொல்ல?"

"இன்னும் குளிச்சு முடிக்கலன்னு சொல்லு."

"அவுக குளிப்பாட்டுறதுன்னு நெனைக்காக!"

மாமாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விஜிலா எப்படியோ ஆட்களைச் சமாதானம் செய்து அனுப்பி, வளையத்தைப் பின்பக்கம் கோழிக்கூட்டின்மேல் ஒளித்துவைத்தாள்.

"ஏற்கெனவே நாலு நாளா வீட்டுல யாரோடயும் பேசமாட்டேங்காக. உப்பக் கொறச்சதுல கோவம்போல. சாளை மீனக்கூடத் தொடல. மீன் வாடையே கொமட்டுதாம்" என்றாள்.

முப்பது வருடம் கப்பலில் மீன் பொரித்த மனிதருக்கு மீன் வாடை குமட்டுகிறதென்றால், அது பெரிய கோபம்தான். ஃபிராங்க்ளின் முத்துச்செல்வத்தின் கடைக்கு வண்டியை விரட்டினான்.

"அண்ணாச்சி, அதக் கழத்துங்க மொதல்ல!"

"கழத்துனா 'அடக்கம் முடிஞ்சிட்டு'ன்னுல்லா நெனப்பானுவ? உண்மைய எழுதி மாட்டுவோம்."

அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. அதே படத்தை மறுபடி அடித்து, கீழே பெரிய எழுத்தில், 'அம்புரோஸ் நலமாக இருக்கிறார்' என்று போட்டு மாட்டினார்கள். ஊரும் ஒருவிதத்தில் நிம்மதி அடைந்தது. நலமாக இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றிக் கடைக்கண்ணாடியில் எழுதி ஒட்ட வேண்டிய நிலைமை வந்ததென்றால், ஆள் எவ்வளவு மோசமாகக் கிடந்து பிழைத்திருக்க வேண்டும்!

சாயங்காலத்துக்குள் வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் ஆறும் ஆரஞ்சுப் பழம் நான்கு பையும் சேர்ந்தன. திரேஸ்புரத்திலிருந்து மாமாவின் தங்கச்சி மாப்பிள்ளை, பதினோரு வருடப் பகையை மறந்து, அழுதுகொண்டே வந்தார். மாமா அவரைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 'ஆளு ரொம்பத் தளந்துட்டாரு' என்று சொல்லிக்கொண்டே அவர் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை காலை. ஃபிராங்க்ளின் தன் மாடி ஸ்டுடியோவில் நான்கு மிஷினிலும் அடித்த தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பிக் குனிந்திருந்தான். காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு பெருக்கிவிட்டு, பிறகு ஸ்டுடியோவைப் பெருக்க வரும் பேச்சி, துடைப்பத்தோடு நின்றாள்.

"அண்ணாச்சி, இந்தப் படத்துல..."

"மிதிச்சிராத பேச்சி!"

"மிதிக்கல. மாமா மொகம் வந்து..."

"தெரியுது, தெரியுது. கலர் சமாச்சாரம், ஒனக்குப் புரியாது. அந்தப் பக்கம் பெருக்கு."

பேச்சி அந்தப் பக்கம் போனாள். ஃபிராங்க்ளின் இறாலை எடுத்தான். முதல் மிஷினில் புதன்கிழமையே இறால் அழகான செம்மஞ்சளில் வந்திருந்தது. ஆனால் மாமாவையே மஞ்சளாக்கும் மிஷினை நம்பி இறாலை எப்படி ஒப்படைப்பது? மாமாவுக்குக் குறைத்த அதே அளவு மஞ்சளை இறாலுக்கும் குறைத்து, முத்துச்செல்வம் கடையில் புரூஃப் அடிக்க வைத்து, அங்கிருந்தே ஜீவமணிக்குக் கொடுத்தனுப்பினான்.

அரைமணி நேரத்தில் விஜிலாவின் போன்.

"ஏங்க, பங்குச் சாமியாரு எண்ணெய்ச் சிமிழோட வந்து நிக்காரு. சாகக் கெடக்குறவுகளுக்குக் குடுக்குற நோயில்பூசுதலாம்!"

"வேண்டாம்னு சொல்லு!"

"சாமியாருட்ட எப்படிங்க வேண்டாம்னு சொல்ல? அப்பா கோழிக்கூட்டுப் பக்கம் வேற போயிட்டாக. வளையத்தப் பாத்துட்டாக. கைல எடுத்துட்டு ஆட்டோ ஏறிட்டாக. அங்கனதான் வாராக."

போனை வைக்கும்முன் ஜீவமணி அழைத்தார்.

"தம்பி, புரூஃப் பாத்தேன். ஐஸ் இல்லாம ரெண்டு நாள் கெடந்த இறாலு இந்தக் கலர்லதான் இருக்கும். எங்களுக்கு அத ஏத்துமதி செய்ய லைசென்ஸ் இல்ல."

"சார், தூத்துக்குடியில ஒழுங்கான கலர் பிரிண்டரே இல்ல சார். நாலு மிஷினு பாத்துட்டேன், நாலும் மொகத்த மஞ்சளாக் காட்டுது."

"இறாலுக்கு ஏது தம்பி மொகம்?" என்று கேட்டுவிட்டு, வேலையை மதுரைக்கு அனுப்புவதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார்.

இனி ஃபிராங்க்ளினுக்கு மறுபடியும் கண்ணீர் அஞ்சலிதான், ஆயுளுக்கும். நாற்காலியில் உட்காரப் போனவன், மாடிப்படியில் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டு நின்றுவிட்டான்.

அம்புரோஸ் வந்தார். இடது தோளில் மலர் வளையம். வலது கையில் ஒரு பை ஆரஞ்சு. இரண்டு படி ஏறியதற்கே இரைத்தது.

"மாப்ள! நான் செத்துட்டேன்னு எட்டுப் பேரு வந்தானுவளாம். பொழச்சிட்டேன்னு ஊரே வந்துட்டு. இப்ப சாகப்போறேன்னு சாமியாரு வந்திருக்காரு. எனக்கு என்னன்னு ஒரு முடிவச் சொல்லும்!"

"மாமா, பிரிண்டர் டெஸ்ட் பண்ணத்தான் ஒங்க படத்த..."

"எனக்கு ஒடம்புக்கு என்னவே? கல்லு மாதிரி இருக்கேன். ரெண்டு நாளா அங்கங்க அரிக்கி, அவ்வளவுதான்."

வளையத்தை ஒர்க்ஸ்டேஷன்மேல் சாத்திவிட்டு, தரையில் கிடந்த தாள்களை அவர் குனிந்து பார்த்தார். சரியாகத் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக அவராகவே அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுவா நான்? எந்தக் கூறுகெட்ட மிஷினு இப்படி அடிச்சிது?"

"நாலும் இப்படித்தான் மாமா அடிக்கி. நாலும் வேண்டாம்னு சொல்லப் போறேன்" என்றான் ஃபிராங்க்ளின், அழாத குறையாக.

பேச்சி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். அம்புரோஸின் கண்ணைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், மறுபடி கண்ணைப் பார்த்தாள்.

"மிஷினு நாலும் நல்ல மிஷினுதான் அண்ணாச்சி, மாமாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அவுகளுக்கு மஞ்சக்காமால."