ஈக்காரர் கட்டிய கட்டு

மீனைக் கையால் தொடாமல், வாயில் வைக்காமல், மீனுக்காகவே ஒரு நாளைக்கு ஏழு முறை குளித்த மனிதர் காவிரிக்கரையில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தார். சந்து முழுக்க அவருக்குப் பெயர் ஈக்காரர்.

தொழிலால் அவர் பூக்காரர்; அவர் போர்ஷனின் முன்னறைதான் கடை. தஞ்சாவூர் கதம்பம் கட்டுவதில் அவர் விரலுக்கு நிகர் கிடையாது. காலையில் கட்டிய சரத்தைச் சாயங்காலம் உதறினால்கூட ஓர் இதழ் உதிராது. நான் அப்போது ஒரு கல்லூரியில் நூலகர். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மாடிப் போர்ஷனில் நானும் ஐந்து வயது மகள் இனியாவும் இருந்தோம். குடிவந்த முதல் வாரமே கீழிருந்து ஒரு குரல் கேட்டது.

"லைப்ரரியம்மா! நகத்துக்குப் பூசுற பாலிஷ் இருக்குங்களா? கலர் எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

ஐம்பது வயது ஆண், தலையில் ஈரத்துண்டு, நெற்றியில் பட்டை. நான் என்ன நினைப்பது? பயந்துபோய்க் கொடுத்துவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். எதிர்வீட்டு ராஜம் அக்காதான் விளக்கம் சொன்னார்.

"பயப்படாதேம்மா. அது ஈக்குப் பூசறதுக்கு."

"எதுக்கு?"

"ஈக்கு. போகப்போகப் பழகிடும்."

விஷயம் இதுதான். ஊட்டியில் ஒரு தேயிலைத் தோட்டத்து மேனேஜர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பெரிய கோயிலுக்கு வந்தபோது மனைவிக்கு ஈக்காரரிடம் இரண்டு முழம் கதம்பம் வாங்கியிருக்கிறார். ஊட்டி போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் பார்த்தால், பூ சருகாகிவிட்டது, கட்டு மட்டும் அப்படியே இருந்ததாம். அவருக்கு மலை ஓடைகளில் ட்ரவுட் என்ற மீனைப் பிடிப்பது பொழுதுபோக்கு. அந்த மீனுக்குப் புழு வைப்பதில்லை. தூண்டில் முள்ளின்மேல் இறகும் முடியும் வைத்து நூலால் சுற்றி, பார்ப்பதற்கு ஈ மாதிரி ஒன்றைச் செய்து தண்ணீரில் மிதக்க விடுவார்கள். கடையில் வாங்குகிற ஈயெல்லாம் நான்கு மீன் கடித்ததும் பிரிந்துபோகிறது என்ற குறையோடு இருந்தவர், சருகான கதம்பத்தைப் பார்த்ததும் தொலைபேசியை எடுத்துவிட்டார். மாதிரிக்கு இரண்டு ஈயும் ஒரு டப்பா முள்ளும் கூரியரில் வந்தன.

ஈக்காரர் முதல் தவணையாக இருபது ஈ கட்டி அனுப்பினார். எதில் கட்டினார் தெரியுமா? வாழைநாரில். பூக்காரருக்கு வேறு எது தோன்றும்? நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, முள்ளைக் கால் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சரம் கட்டுகிற அதே வேகத்தில் கட்டியிருக்கிறார். வாசனைக்குக் கொஞ்சம் மரிக்கொழுந்து வேறு. ஈரத்தோடு டப்பாவில் அடைபட்ட ஈக்கள் ஊட்டி போய்ச் சேருவதற்குள் பூஞ்சை பிடித்துவிட்டன. மேனேஜர் அத்தனையையும் திருப்பி அனுப்பி, போனும் செய்தார்.

"என்னப்பா, ஊசிப்போன கூட்டு மாதிரி வாசனை வருது?"

"ஈன்னாலும் ஒரு மணம் வேண்டாமாங்கய்யா?"

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மேனேஜர் போனை வைப்பதற்கு முன்பு ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். தண்ணீரில் போட்டதும் கட்டு அவிழ்ந்துவிட்டது என்று. ஈக்காரர் கட்டியது அவிழ்ந்ததா? அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் சபதம் மாதிரி ஒன்றைச் சந்தில் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"நூறு மீன் கடிச்சாலும் அவுராத ஈ ஒண்ணு கட்டுறேன். அப்படிக் கட்டலேன்னா பூவையும் விட்டுட்டுப் புல்லறுக்கப் போறேன்."

அதற்கப்புறம் எங்கள் சந்துக்கு நிம்மதி போய்விட்டது.

திருபுவனத்திலிருந்து பட்டு நூல் வந்தது. கோழிக்கடை பாயிடம் சேவல் கழுத்து இறகுக்குப் போய் நின்றார். பாய் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால், "இது வேணாம் பாய், அந்தச் செவலைச் சேவலோடது" என்று கூண்டுக்குள் உயிரோடு நின்ற சேவலைக் காட்டுவார். "அது நாளைக்குத்தான்ணே" என்பார் பாய். மறுநாள் காலையில் பாய் கடை திறக்கும்போது இவர் வாசலில் நிற்பார். ராஜம் அக்கா வீட்டு நாய் அவரைக் கண்டாலே வாலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடும். அதன் வயிற்றுப்பக்கத்து முடி தண்ணீரில் மிதப்பதற்கு ரொம்ப உகந்ததாம்.

குளியல் விவரத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். ஈயில் அதுவரை எந்த மீனும் பட்டதில்லை. இருந்தாலும் மீன் வாய்க்குப் போகிற பொருளைத் தொட்ட கையால் சாமிக்குப் போகிற பூவைத் தொடலாமா? கூடாது. ஆகவே ஒரு ஈ கட்டினால் ஒரு குளியல், பிறகு பூ. பூவுக்கு நடுவில் ஈயைப் பற்றி ஏதாவது யோசனை தோன்றினால் எழுந்துபோய் ஈ, திரும்பவும் குளியல். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் ஈயைத் தொடமாட்டார்.

கட்டுவதைவிடச் சோதிப்பதுதான் பெரிய கூத்து. மேனேஜர் பிறகு அனுப்பிவைத்த, முள் பிடிக்கும் இரும்புக் கருவியில் தேங்காய் உடைத்தார். ஈயை மிக்ஸியில் தண்ணீர் ஊற்றி அடித்தார். மொபெட்டின் பின்னால் கட்டித் தார் ரோட்டில் திருவையாறு வரை இழுத்துக்கொண்டு போய் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாஷிங் மெஷினையே கேட்டார்.

"ஈயைத் துவைக்கவா அண்ணே?"

"துவைக்க இல்லீங்கம்மா. அது தாங்குதான்னு பாக்க."

தாங்கியது. என் மெஷின்தான் தாங்கவில்லை.

கடைசியில் அவர் கண்டுபிடித்தது மின்விசிறிச் சோதனை. கடைக்கூரையில் சுற்றுகிற விசிறியின் இறக்கையில் ஒரு முழம் நீளத்துக்கு ஈயைத் தொங்கவிட்டு, ஐந்தாம் நம்பரில் நாள் கணக்காக ஓட விடுவார். அடியில் அவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கதம்பம் கட்டுவார். பூ வாங்க வருகிறவர்கள் வாசல்படியிலேயே நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் கேட்டிருக்கிறார், "என்னங்க, பூக்கடையில ஹெல்மெட்டு?" ஈக்காரர் தலையைத் தூக்காமலே, "மேல வண்டி ஓடுதுங்க" என்றாராம்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பிள்ளை தும்மினால் கூகுளில் தேடுகிற நான், அந்த விசிறியைத் தினம் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்கேற்ற வேண்டும். குக்கரை இறக்கிக்கொண்டிருந்தேன். "இனியா, கீழ போயி மாமாகிட்ட ஒரு முழம் பூ வாங்கிட்டு வா" என்றேன். பத்துப் படி. தினமும் போகிற பிள்ளை.

விசிறியில் அன்று சுற்றிக்கொண்டிருந்தது அவருடைய மிகச் சிறந்த ஈ. ஒன்பது நாளாக ஓடுகிறது, ஒரு முடி உதிரவில்லை. மறுநாள் ஊட்டிக்கு அனுப்புவதாக இருந்தார். ஈயைக் கட்டியிருந்தது பட்டு நூல், அதன்மேல் கட்டு இறுகிப்போக என் பாலிஷ் நான்கு பூச்சு. ஆனால் ஈயை விசிறியில் தொங்கவிட்டது எதில்? பழக்கதோஷத்தில் கைக்குக் கிடைத்த வாழைநாரில். ஒன்பது நாள் காற்றில் நார் காய்ந்து சருகாகியிருந்தது. ஈ அறவில்லை, நார் அறுந்தது.

நான் கேட்டது இனியாவின் அலறல் அல்ல. அவருடைய அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசல்படியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். வலது மேலிமையில், மூக்கை ஒட்டி, செம்பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சி. இமையை அசைக்கும்போதெல்லாம் அதுவும் சிறகை அசைத்தது. ஈக்காரர்தான் அவளைத் தூக்கினார். ஹெல்மெட்டோடு சந்தில் ஓடினார். ஆட்டோவில் வழி நெடுக அவள் இரண்டு கையையும் தன் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார், தேய்த்துவிடக்கூடாது என்று.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர். குனிந்து பார்த்தார்.

"என்னங்க இது, பூச்சியா?"

"ஈங்க சார்" என்றார் ஈக்காரர்.

"முள்ளு எங்க?"

"உள்ள இருக்குங்க சார்."

மருந்து போட்டு இமையை மரத்துப்போகச் செய்தார்கள். முள் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எப்படித் திருப்பி எடுப்பது என்று முடிவு செய்யலாமாம். அடியில் கண் இருக்கிறது, தவறான பக்கம் திருப்பினால் போச்சு. இறகையும் நூலையும் எடுத்தால்தான் கம்பி தெரியும். டாக்டர் கத்தரியால் நறுக்கப் பார்த்தார். பாலிஷ் பூசிய கட்டின்மேல் கத்தரி வழுக்கியது. மறுபடி முயன்றார். ஒவ்வொரு முறையும் இமை மேலே இழுபட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "யாருங்க இதக் கட்டினது?"

"நான்தாங்க."

"இத எப்படி அவுக்கிறது?"

"அவுக்க முடியாதுங்க சார். அவுக்கவே முடியாதபடிதான் கட்டினேன்."

அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். உலகத்தில் வேறு யாரும் அப்படி வெளிறிப்போய் நான் பார்த்ததில்லை. தன் விரல்களைப் பார்த்தார். பிறகு, "நான் பாக்கட்டுங்களா சார்?" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். ஏன் அசைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையுறை கொடுத்தார்கள். வேண்டாம், உறை போட்டால் கட்டு விரலுக்குத் தெரியாது என்றார். முழங்கை வரைக்கும் மருந்துத் தண்ணீரில் மூன்று முறை கழுவவைத்தார் டாக்டர். வெள்ளிக்கிழமை ஈயைத் தொடாத மனிதர், குனிந்து நகத்தால் அந்த முதல் முடிச்சைத் தேடினார்.

டாக்டர் இமையைப் பிடித்துக்கொண்டார். ஈக்காரர் மூச்சே விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. பாலிஷைத் துளித்துளியாகக் கிள்ளி எடுத்தார். நூல் நுனி கிடைத்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. செவலைச் சேவலின் இறகு பிரிந்து வந்தது. அடுத்து நாய்முடி. சரம் கட்டுகிற விரல்கள் பின்னோக்கிப் போவதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

"ஈ மாமா" என்றாள் இனியா, மற்றக் கண்ணால் பார்த்துக்கொண்டு.

"சொல்லு கண்ணு. தலைய அசைக்காம சொல்லு."

"ஈ செத்துப்போச்சா?"

"செத்துப்போச்சுடா தங்கம். ஒழிஞ்சது சனியன்."

கடைசிச் சுற்று பிரிந்தது. வெறும் கம்பி தெரிந்தது. டாக்டர் இரண்டே நிமிடத்தில் முள்ளை எடுத்துவிட்டார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஒரு நெல்லு அளவு தள்ளியிருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேங்க" என்று என்னிடம் சொன்னார்.

அந்த நெல்லளவு என் தலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஈக்காரரை நான் பேசாத பேச்செல்லாம் பேசினேன். கிறுக்கு என்றேன், மனுஷனா என்றேன், இனி என் பிள்ளை உங்கள் கடை வாசலை மிதிக்காது என்றேன். கையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, "திட்டுங்கம்மா, நல்லாத் திட்டுங்க" என்று நின்றார். பிள்ளையைக் கீழே அனுப்பியது நான். விசிறி ஓடுவது தெரிந்தே அனுப்பியது நான். அதை அவர் அன்றும் சொல்லவில்லை, அப்புறமும் ஒருநாளும் சொல்லவில்லை.

இப்போதும் அவர் ஊட்டிக்கு ஈ கட்டுகிறார். சோதனையெல்லாம் மூடி போட்ட ஊறுகாய் ஜாடிக்குள் குலுக்குவதோடு சரி. மேனேஜர் ஒரே ஈயில் எண்பது மீன் வரை எண்ணிவிட்டாராம். ஈக்காரர் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளியிலிருந்து பூவை அவரே மாடிக்குக் கொண்டுவரத் தொடங்கினார். உள்ளே வரமாட்டார். படியில் நின்று, "இனியாக்கண்ணு, இடது கண்ண மூடு. இது எத்தன?" என்று விரலைக் காட்டுவார். முதல் நாள் அவள் குறும்புக்கு "ஏழு" என்றாள். மனிதர் பூவைப் படியிலேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். பாதிச் சந்தில் ராஜம் அக்கா மடக்கிப் பிடித்துத் திரும்ப அழைத்து வந்தார்.

என் வேலை மாற்றத்தால் நாங்கள் திருச்சிக்கு வந்து மூன்று வருஷமாகிறது. இனியாவுக்குப் பதினொரு வயது. இன்னமும் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் தலையைத் தூக்கி விசிறியைப் பார்த்துவிட்டுத்தான் அவளை உட்கார விடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் தஞ்சாவூரிலிருந்து போன் வரும். வீடியோ எல்லாம் அவருக்குத் தெரியாது, பட்டன் போன்தான்.

"இடது கண்ண மூடிக்கிட்டியா கண்ணு? இப்ப எத்தன விரல் காட்டுறேன், சொல்லு."

"அம்மா, போன்ல எப்படிம்மா தெரியும்?" என்று அவள் என்னிடம் போனை நீட்டிவிட்டு ஓடிவிடுவாள்.

நான் இடது கண்ணை மூடிக்கொண்டு, "மூணு அண்ணே" என்பேன்.

அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்கும். "சரியாச் சொல்லிட்டீங்கம்மா."

இந்த மூன்று வருஷத்தில் நான் ஒரு வாரம்கூடத் தப்பாகச் சொன்னதில்லை.