நாலு மடங்குப் புள்ளி

இந்தக் காலத்து ஆட்களுக்கு மனுஷன் வாய்ச்சொல் செல்லாது. பெற்ற தாய் எதிரே வந்து நின்றாலும், செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் "அம்மா" என்பார்கள். சேனாதிபதிக்குக் காலையிலிருந்து இதே ஆத்திரம்.

போன மாதம் காட்டுமாடு இறங்கி மிதித்த பூண்டுத் தோட்டத்தைப் படம் பிடிக்க டிவிக்காரர்கள் அட்டுவம்பட்டிக்கு வந்தார்கள். அதிகாரிகளைக் கிழித்துத் தோரணம் கட்டியவர் சேனாதிபதிதான். அந்தப் பேட்டி இன்று காலை எட்டு மணிக்கு டிவியில் வந்தது. வீட்டுப் பழைய டிவியில் அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரைத்த கேப்பைக் கூழ்தான் தெரிந்தது. குரலும் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது.

எட்டேகாலுக்கு டீக்கடையில் பக்கத்துத் தோட்டத்துக் குமரகுரு, "பேசினது நான்தாம்ப்பா" என்று மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, அது நாந்தாண்டா!"

"மூஞ்சியக் காட்டுண்ணே, ஒத்துக்கறேன்."

"என் போர்வை தெரியலையா?"

"அதே போர்வை எங்க வீட்லயும் கெடக்கு."

டீக்கடையே சிரித்தது. பன்னிரண்டுக்கும் நாலுக்கும் மறுபடி போடுவார்கள். அதற்குள் முகம் தெரியாவிட்டால், அவர் பேசிய வீரம் காலத்துக்கும் குமரகுரு பேரில்தான்.

மனைவி கருப்பம்மாளோடு ஜீப் ஏறி, கொடைக்கானல் பஜாரில் ஜமால் முகம்மது கடையில் போய் நின்றார். ஜமாலின் மகன் வாசிம், கதவு அளவுக்கு இருந்த டிவியைத் தட்டிக் காட்டினான்.

"4கேங்கய்யா. சாதா எச்டியவிட நாலு மடங்கு புள்ளி."

"புள்ளி வச்சு நான் என்ன கோலமா போடப்போறேன்? மூஞ்சி தெரியுமா, அதச் சொல்லு."

"மூக்குல உக்காந்த ஈயோட மூக்கே தெரியுங்க."

ஒரு சீப்பு வாங்கினாலே கையைப் பிடித்து இழுக்கிற கருப்பம்மாள் இன்று வாயே திறக்கவில்லை. பூண்டு விற்ற காசு கை மாறியது.

பன்னிரண்டு மணிக்குப் பாதித் தெரு வீட்டுக்குள் இருந்தது. முன்வரிசையில் குமரகுரு. படம் வந்தது. காலையில் ஒரு கிண்ணம் கூழ். இப்போது ஓர் அண்டா.

"நான்தான், நான்தான்!" என்று குமரகுரு கைதட்டினான்.

"டிவி மேல தப்பில்லங்கய்யா," என்றான் டிவியை மாட்டிக் கொடுக்கக் கூடவே வந்திருந்த வாசிம். "கேபிள் பாக்ஸ் பழசு. வர்ற படமே மங்கல். பெரிய டிவில மங்கலும் பெருசாத்தான் தெரியும். பாக்ஸ மாத்திட்டு, எட்டடி தள்ளி உக்காந்து பாருங்க."

"வீடே ஆறடிதாண்டா!"

புதுப் பாக்ஸ் வந்தது. சேனாதிபதியை நாற்காலியோடு தூக்கி முற்றத்தில் வைத்தார்கள். சரியாக நாலு மணிக்கு மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. டிவி எங்கே, வாசல் எங்கே என்று தெரியவில்லை.

"போடறான், போடறான்!" என்று உள்ளே சத்தம். நாற்காலியை உதறிவிட்டு, படியில் இடறி, டிவி முன்னால் போய் மூக்கு முட்ட நின்றார்.

பூண்டுத் தாளில் நின்ற பனித்துளி தெரிந்தது. காட்டுமாட்டின் குளம்புத் தடமும் சாணியும் தெரிந்தன. அவர் சட்டையில் பொத்தானுக்குப் பதில் குத்திய ஊக்கு பளபளத்தது. முகம் மட்டும் அதே கூழ்.

"ஊக்கப் பாருலே! என் ஊக்கு!"

"எம் பொண்டாட்டியும் ஊக்குதாண்ணே குத்தி விடறா," என்றான் குமரகுரு.

சேனாதிபதி போர்வையை உதறித் தோளில் போட்டார்.

"ஊக்குக்குப் புள்ளி இருக்கு, சாணிக்குப் புள்ளி இருக்கு, என் மூஞ்சிக்கு மட்டும் இல்லையாக்கும்! நாலு மடங்கு என்ன, நாப்பது மடங்கு கொண்டாந்தாலும் நான் நம்பமாட்டேன். ஏமாத்துக்காரப் பயலுக!"

திரும்பிப் பார்க்காமல் தோட்டத்துப் பக்கம் பனிக்குள் நடந்தார்.

வாசிமுக்கு அழுகையே வந்துவிட்டது. "மூஞ்சி மட்டும் ஏம்மா தெரியல? எங்க கடை பேரே போச்சே!"

கருப்பம்மாள் சாவகாசமாகச் சம்மணம் போட்டு, ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றினாள்.

"மூஞ்சி தெரிஞ்சா ஆபீசரு தேடி வந்துருவான், மறைச்சிருங்கப்பான்னு கேமராக்காரன்கிட்ட சத்தியம் வாங்கினதே அவருதான் தம்பி, அத நான் வெள்ளனே ஞாபகப்படுத்தியிருந்தா இந்த வீட்டுக்குப் புது டிவி வந்திருக்குமா?"